எருமைகள் வெளியேற்றப்பட்ட ஈரநிலம்: பரத்பூர், 1982

இராஜஸ்தானின் கிழக்கு ஓரத்தில், பரத்பூர் நகரை ஒட்டி ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவை மனிதக் கை படாத இயற்கை என்று எண்ணுவோர் உண்டு. அதன் வரலாறு வேறு. இயல்பாகவே தாழ்ந்திருந்த அந்நிலம், 18-ஆம் நூற்றாண்டில் அரசர் சூரஜ்மல் காலத்தில் எழுப்பப்பட்ட அஜான் அணையின் நீரைப் பெற்றது. பின்னர் கரைகளும் மதகுகளும் அமைக்கப்பட்டு, அரச குடும்பத்தின் வாத்து வேட்டைக்களமாக அது மாற்றப்பட்டது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைக் குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அந்தக் கணக்குப் பூங்காவினுள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அதே நீர்நிலையில் சுற்றுக் கிராமத்தினரின் எருமைகளும் தலைமுறைகளாக மேய்ந்து வந்தன. பால், எரு, தீவனம், விறகு என அக்கிராமங்களின் வாழ்வு அதனோடு பிணைந்திருந்தது. 1956-இல் அது பறவைகள் சரணாலயமான பிறகும் மேய்ச்சல் நிற்கவில்லை. 1972 வரை மன்னரின் வேட்டையுரிமையும் நீடித்தது. வேட்டையையும் மேய்ச்சலையும் ஒரே தராசில் வைக்க இயலாது என்பது வேறு செய்தி.

மாற்றம் சட்டத்தின் வழியாக வந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்தில் மேய்ச்சலை முறைப்படுத்த இடமளிக்கிறது. தேசியப் பூங்காவிலோ அதற்கு அறவே இடமில்லை. 1980-களின் தொடக்கத்தில் கேவலாதேவ் தேசியப் பூங்கா என்னும் தகுதியைப் பெற்றது. கால்நடைகள் பறவைகளின் வாழிடத்தைச் சிதைக்கின்றன என்பது அக்காலத்துப் பொதுக்கருத்து. சாலிம் அலி உள்ளிட்ட இயற்கையியலாளர்களும் மேய்ச்சல் தடையை ஆதரித்தனர். 1982 நவம்பரில் தடை நடைமுறைக்கு வந்தது. மாற்று மேய்ச்சல் நிலம் எதுவும் முறையாக ஏற்பாடு செய்யப்படவில்லை. கிராமத்தினர் எதிர்த்துத் திரண்டனர், காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் பலியாயின.

இவ்வரலாற்றின் திருப்பம் இதற்குப் பின்னரே நிகழ்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980-இல் அங்கே பத்தாண்டு ஆய்வொன்றைத் தொடங்கியிருந்தது. அதன் நடுவே தடை வந்தமையால், மேய்ச்சல் இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும் ஒப்பிடும் வாய்ப்பு எவரும் திட்டமிடாமலேயே ஆய்வாளர்களுக்குக் கிட்டியது. வி. எஸ். விஜயன் தலைமையிலான அவ்வாய்வின் முடிவு, தடையின் அடிப்படையையே அசைத்தது. பாஸ்பலம் டிஸ்டிக்கம் என்னும் நீர்ப்புல்லை அதுவரை எருமைகளே தின்று கட்டுக்குள் வைத்திருந்தன. அவை அகன்றதும் புல் அடர்ந்து பரவி, திறந்த நீர்ப்பரப்பை மூடியது. மீன்களின் நடமாட்டமும் நீரடித் தாவரங்களின் வளர்ச்சியும் குன்றின. அவற்றை நம்பி வந்த நீர்ப்பறவைகளுக்கு இடம் சுருங்கியது. எவற்றின் பொருட்டு எருமைகள் விரட்டப்பட்டனவோ, அப்பறவைகளே இழப்புக்கு ஆளாயின.

சைபீரியக் கொக்குகளின் மறைவையும் இத்தடையின் கணக்கில் முழுமையாக எழுதிவிடுவோர் உள்ளனர். அது மிகை. இமயத்துக்கு அப்பால் அவற்றின் வலசைப் பாதையில் நடந்த வேட்டையும் பெருங்காரணம். 2001-02 குளிர்காலத்துக்குப் பின் அவை பரத்பூருக்கு வரவில்லை.

அறிவியல் தன் முடிவைத் திருத்திக்கொண்டது. சட்டத்துக்கு அத்தகைய பின்வாசல் இல்லை. தேசியப் பூங்காவில் மீண்டும் எருமைகளை அனுமதிப்பது சட்டமீறலாகிவிடும். 1985-இல் கிடைத்த உலகப் பாரம்பரியத் தகுதியும் தூய இயற்கை என்ற படிமத்தையே வலுப்படுத்தியது. அணையும் மதகும் எருமையும் சேர்ந்து உருவாக்கிய நிலம் என்ற உண்மை பின்னுக்குப் போயிற்று. மேய்ச்சல் சமூகங்களின் பருவகால உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வெளிப்படையாக ஏற்றது. ஆயினும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அவ்வுரிமையை நிலைநாட்டுவது இன்றளவும் கடினமான வழக்காகவே இருக்கிறது.

பரத்பூரில் கண்ட நடைமுறைத் தீர்வு விந்தையானது. கிராமத்தினர் அனுமதி பெற்று உள்ளே சென்று புல்லை அரிவாளால் அறுத்து வரலாம் என்றாயிற்று. முன்னர் எருமை தானே உள்ளே சென்று தின்ற புல்லைப் பெண்களும் ஆண்களும் கட்டுக்கட்டாய்த் தலையில் சுமந்து வந்து, வேலிக்கு வெளியே கட்டப்பட்ட எருமைக்குப் போடத் தொடங்கினர்.