சூறாவளியும் செய்நிரலும்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலத்தின் கட்டடங்கள் இருமுறை கடுஞ் சோதனைக்கு உள்ளாயின. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. 2004 டிசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை, வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நாவலடியின் வீடுகளைப் பெரும்பாலும் தரைமட்டமாக்கியது. முன்னதில் தாக்கியது காற்று, பின்னதில் நீர். கட்டடம் தாங்கவேண்டிய சுமைகளின் பட்டியல் என்றும் முற்றுப்பெறுவதில்லை என்பதே இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்தும் பாடமாகும். கணினிவழிக் கட்டமைப்பு வடிவமைப்பின் வரலாற்றையும் இப்பாடத்தின் துணைகொண்டே நோக்குதல் தகும்.

1957 இல் வெளிவந்த போட்ரான் மொழி பொறியியலாளரின் கணிப்புகளை விரைவுபடுத்திற்று. 1964 இல் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஸ்டீவன் பென்வெசும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட 'ஸ்ட்ரெஸ்', மூட்டு, உறுப்பு, சுமை என்னும் பொறியியற் சொற்களாலேயே கணினிக்கு ஆணையிட வழிசெய்தது. எனினும், அக்காலச் செய்நிரல்களின் உள்ளே தூணும் வளையும் வெறும் எண்வரிசைகளாகவே கிடந்தன. புதிய சுமையொன்றைச் சேர்ப்பதாயின் பல பகுதிகளைத் திருத்த நேர்ந்தது. ஓரிடத்துத் திருத்தம் பிறிதோரிடத்துப் பிழையாக முளைப்பதும் உண்டு.

இக்குறையை நீக்கும் கருத்து வேறொரு துறையில் தோன்றியது. நோர்வேக் கணிப்பு நிலையத்தில் டாலும் நைகார்டும் உருவாக்கிய 'சிமுலா 67', வகுப்பு, பொருள் என்னும் கருத்துகளை அளித்தது. இம்முறையில் தூண் என்னும் பொருள் தன் நீளத்தையும் குறுக்குவெட்டையும் தன்னகத்தே கொண்டு, தன் விறைப்பைத் தானே கணித்துத் தரும். சுமை ஒரு வகுப்பாயின், காற்றுச்சுமையும் அலைச்சுமையும் அதன் வழித்தோன்றல்கள். புதியதொன்று வந்து சேரினும் ஏனையவை பெரும்பாலும் மாறவேண்டுவதில்லை. 1990 இல் போட், பொஸ்கி, ஸ்டீமர் ஆகியோர் இம்முறையை முடிவுறு மூலகப் பகுப்பாய்விற் கையாண்டனர். 1997 இல் பேர்க்கிலியில் பிராங்க் மக்கென்னா சமர்ப்பித்த ஆய்விலிருந்து, நிலநடுக்கத்தின்கீழ்க் கட்டமைப்புகளின் நடத்தையை ஆராயும் 'ஓப்பன்சீஸ்' வளர்ந்தது.

ஆயினும், செய்நிரல் இடத்தை மட்டுமே ஒதுக்கும். அளவை மனிதரே தரல் வேண்டும். இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து, கிழக்குக் கரையை உச்ச வலயத்தில் வைத்த வழிகாட்டி நூல் 1980 இலேயே வெளிவந்தது. அதற்கு முன்னரே சூறாவளி வந்து போயிருந்தது. அலையின் வேகமும் மணலின் தாங்குதிறனும் அளக்கப்படாதவிடத்து, எத்துணைச் செம்மையான வகுப்பும் வெற்றுக்கலமே. அடுத்த அழிவின் பின்னரன்றி, அதற்கு முன்னரே அக்கலத்தை நிரப்புவதில்தான் இக்கலையின் பயன் அடங்கியுள்ளது.