ஒன்றரை மில்லி மருந்து: ஓசூர் எல்லையும் ஸ்டீராய்டு முடிவும்

2020 ஏப்ரல் கடைசியில் மத்திய சுகாதார அமைச்சகம் நாட்டின் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எனப் பிரித்துப் பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் பச்சையில் நின்ற ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. மே முதல் வாரத்திலேயே அங்கும் கொரோனா நுழைந்தது. ஜூஜூவாடி, அத்திப்பள்ளி வழியாக லாரிகள் ஓயாமல் கடக்கும் எல்லையில் அதைத் தடுத்திருக்க முடியாது. நோய் நுரையீரலுக்குள் இறங்கினால் என்ன செய்வது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கிய பிறகு ஓசூர் தொழிலில் வேகமாக வளர்ந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும்கூட ஆட்கள் வேலை தேடி வந்தார்கள். மருத்துவ வசதி அந்த வேகத்தில் வளரவில்லை. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் 2020-இல் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. மூச்சுத் திணறி வென்டிலேட்டர் வரை போகும் நோயாளிக்கு தருமபுரி, சேலம், வேலூர், அல்லது சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரு. ஆகவே, ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே உள்ளூரில் தொடங்கக்கூடிய சிகிச்சை எது என்ற கேள்விக்கு இங்கே தனிக் கனம் உண்டு.

அந்த ஜூன் மாதத்தில் ஒரு விடை வந்தது. டெக்ஸாமெத்தசோன். எந்த மருந்துக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய ஸ்டீராய்டு ஊசி. ஆனால் இதைக் கொடுக்கலாமா, கூடாதா என்று தீவிர சிகிச்சை மருத்துவர்கள் அதற்கு முன் அரை நூற்றாண்டாக வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

கதை 1948-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடமாட முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஸ்டீராய்டு அடக்கிவிடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது.

1967-இல் டென்வர் நகரின் மருத்துவர்கள் ஆஷ்பா, பெட்டி உள்ளிட்ட நால்வர் 12 நோயாளிகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள். விபத்து, தொற்று எனக் காரணங்கள் வெவ்வேறு. ஆனாலும் எல்லோருக்கும் காற்றுப்பைகளில் நீர் கோத்து, எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ரத்தத்தில் ஏறவில்லை. ஏழு பேர் இறந்தார்கள். இன்று ஏஆர்டிஎஸ் என்று அழைக்கப்படும் கடும் நுரையீரல் செயலிழப்பின் முதல் தெளிவான வர்ணனை இதுதான். சிலருக்கு ஸ்டீராய்டு உதவியிருக்கலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே ஒரு குறிப்பு இருந்தது.

அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு மருந்தின் அளவு ஏறியது. 1980களில் உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசோலோன், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாள் முழுக்க என்று போட்டார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரே நாளில் 7,200 மில்லிகிராம். 1987-இல் 99 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தபோது, இறப்பில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பல இடங்களில் ஸ்டீராய்டு கைவிடப்பட்டது.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மருத்துவர் மெதூரி வேறு வழியில் யோசித்தார். குறைந்த அளவில், பல நாட்களுக்கு. 1998-இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் 24 பேரே இருந்தார்கள். பலன் பெரிதாகத் தெரிந்தது. 2006-இல் 180 பேரை வைத்து அமெரிக்க மருத்துவமனைகள் செய்த ஆய்வு அந்த உற்சாகத்தைக் குறைத்தது. நோய் தொடங்கி ஒரு வாரம் கழித்துக் கொடுத்த ஸ்டீராய்டு வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் விடுவித்தது, ஆனால் இறப்பைக் குறைக்கவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு தொடங்கியவர்களில் இறப்பு கூடியது. எவ்வளவு கொடுப்பது என்பதைப் போலவே எந்த நாளில் தொடங்குவது என்பதும் உயிரைத் தீர்மானிக்கும் என்று அப்போது தெரிந்தது.

கொரோனா வந்தபோது இந்த வழக்கு முடிந்திருக்கவில்லை. 2020 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் ஸ்டீராய்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. ஜூன் 16 அன்று வெளியான பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு முடிவு நிலைமையை மாற்றியது. நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் பத்து நாள். 2,104 பேருக்கு மருந்து, 4,321 பேருக்கு வழக்கமான கவனிப்பு. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2 சதவீதம் 23.3 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் பலன் இல்லை. 14 சதவீதத்துக்கு எதிராக 17.8, தீங்கு இருக்கலாம் என்று எச்சரிக்கும் எண். ஜூன் 27 அன்று இந்திய அரசின் சிகிச்சை நெறிமுறையில் டெக்ஸாமெத்தசோன் இடம்பெற்றது.

இந்தியாவில் கிடைக்கும் சிறு குப்பியில் 2 மில்லி திரவம் இருக்கும், ஒரு மில்லிக்கு 4 மில்லிகிராம் வீதம். 6 மில்லிகிராமுக்கு ஒன்றரை மில்லி உறிஞ்சினால் போதும். ஐசியூ இல்லாத சிறு மருத்துவமனையிலும் செவிலியர் ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் காத்திருக்கும் நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய வரம்!

6 போதுமா, 12 வேண்டுமா என்ற அடுத்த கேள்விக்கு விடை தேடியதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. டென்மார்க் முன்னின்று நடத்திய ஆய்வில் ஐரோப்பாவும் இந்தியாவும் சேர்ந்து 26 மருத்துவமனைகள், 1,000 நோயாளிகள். ஆய்வை நடத்தியவர்களில் சென்னை அப்போலோவின் தீவிர சிகிச்சை மருத்துவர் பரத்குமார் திருப்பாக்குழி விஜயராகவனும் ஒருவர். 28 நாளில் 12 மில்லிகிராம் பிரிவில் 27.1 சதவீதமும், 6 மில்லிகிராம் பிரிவில் 32.3 சதவீதமும் இறந்தார்கள். வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள் அது நின்றதால், அளவை இரட்டிப்பாக்கும்படி யாரும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

2021-இன் இரண்டாம் அலையில் நாடு முழுக்க மறக்கப்பட்டது ரெக்கவரி ஆய்வின் மூன்றாவது எண்: ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு ஸ்டீராய்டால் பலன் இல்லை. ரத்த ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) 97 காட்டியவர்கள்கூடக் காய்ச்சலின் இரண்டாம் நாளே ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கினார்கள். தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு வேண்டாம் என்று அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா வெளிப்படையாக எச்சரித்தார். ஸ்டீராய்டால் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியவர்களைக் கருப்புப் பூஞ்சை தாக்கியது. சிலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அதற்கு மருந்தான ஆம்போடெரிசின் ஊசிக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. உயிர் காக்கும் மருந்தைத் தேவையற்றவருக்குக் கொடுத்ததற்கு மக்கள் கொடுத்த விலை இது.

இன்று ஐசியூ மருத்துவர் எப்படி முடிவெடுக்கிறார்? முதலில் ஒரு கணக்கு. ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜன் பங்கால் வகுப்பார். 60 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் அழுத்தம் 60 என்றால், 60-ஐ 0.6-ஆல் வகுக்க 100. முந்நூறும் அதற்குக் கீழும் என்றால் ஏஆர்டிஎஸ் ஆக இருக்கலாம். நூறும் அதற்குக் கீழும் மிகக் கடுமையானது.

அடுத்தது காரணம். இங்கேதான் கிருஷ்ணகிரியின் மண்ணும் தொழிலும் குறுக்கே வருகின்றன. கிரானைட் குவாரியில் கல் உடைத்தவரின் நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்திருக்கலாம். அத்தகையவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம், ஸ்டீராய்டு உறங்கும் காசநோயை எழுப்பிவிடலாம். வட தமிழகத்தில் பரவலாக உள்ள உண்ணிக் காய்ச்சலும் நுரையீரலைச் செயலிழக்கச் செய்யும். அக்குளிலும் இடுப்பிலும் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று உடலைத் தேடிப் பார்க்க வேண்டும். அதற்கு மருந்து ஸ்டீராய்டு அல்ல. டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று வேலூர் சிஎம்சியின் ஜார்ஜ் வர்கீஸ் குழு 2023-இல் நிறுவியது. பசுமைக்குடில் ரோஜாவுக்கு அடிக்கும் பூச்சிமருந்து உடலில் ஏறி மூச்சடைத்தவருக்கு முறிவு மருந்து முதலில். ஃப்ளூ என்றால் ஸ்டீராய்டில் தயக்கம். மருத்துவமனைக்கு வெளியே தொற்றிய கடும் நிமோனியா உள்ளவருக்கோ, ஹைட்ரோகார்ட்டிசோன் இறப்பை 11.9-லிருந்து 6.2 சதவீதமாகக் குறைத்ததாக 2023-இல் பிரெஞ்சு ஆய்வு காட்டியது.

2024-இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டுதல்கள் ஏஆர்டிஎஸ் நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தன. கூடவே சர்க்கரையைக் கவனிப்பதும், தாமதமாகத் தொடங்காமல் இருப்பதும் வேண்டும். 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட போலுப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரியால் இந்த முடிவுகளை மாவட்டத்துக்குள்ளேயே எடுக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது.

ஆனாலும் பெங்களூருக்கு ஆம்புலன்ஸ் போவது நிற்கப்போவதில்லை. ஒவ்வொரு ரெஃபரல் சீட்டிலும் நான்கு விவரங்கள் கட்டாயமாக வேண்டும்: எந்த ஸ்டீராய்டு, எத்தனை மில்லிகிராம், எந்த நேரத்தில் முதல் ஊசி, அப்போது சர்க்கரை எவ்வளவு. இவை இருந்தால் காலையில் ஓசூரில் போட்ட ஊசி மதியம் பெங்களூரில் மறுபடி விழாது. எந்த நாளில் நிறுத்துவது என்பதும் அங்கே பார்க்கும் மருத்துவருக்குத் தெரியும்.