நிறுவனம் கைமாறும்போது ஏற்படும் வேலையிழப்பு: உடல்நலமும் மனநலமும்

ஒரு நிறுவனத்தை மற்றொரு நிறுவனம் வாங்கும்போது, எவருடைய வேலை நிலைக்கும் என்பது பல மாதங்கள் தெரியாமல் இருக்கலாம். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாப்ட் வாங்கியது. தாம்பரத்திற்கு மேற்கே உள்ள ஸ்ரீபெரும்புதூர் ஆலை, வரி வழக்கினால் அவ்விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று அங்கு உற்பத்தி நின்றது. இத்தகைய வேலையிழப்பு தொழிலாளரின் திறமைக் குறைவால் நேர்வதன்று.

அறிகுறிகள்
• தூக்கமின்மை, பசியின்மை, படபடப்பு
• எரிச்சல், குற்றவுணர்வு, தனிமையை நாடுதல்
• மது அருந்துதல் அதிகரித்தல்

இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகவும்.

சிகிச்சையை நிறுத்த வேண்டாம்
செலவைக் குறைப்பதற்காக இரத்த அழுத்தம், நீரிழிவு, மனநல மருந்துகளைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்தானது. வேலை போன அன்றே இ.எஸ்.ஐ. மருத்துவ உரிமை முடிவதில்லை. செலுத்திய சந்தாவிற்குரிய பயன்காலம் வரை தொடரும். அது முடியும் நாளை இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேட்டறியவும். அதன்பின் இரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலும், மனநலச் சிகிச்சையைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கட்டணமின்றிப் பெறலாம்.

குடும்பத்தினர் கவனத்திற்கு
"அடுத்து என்ன?" என்று நாள்தோறும் கேட்பதைத் தவிர்க்கவும். உரிய நேரத்தில் உண்ணவும் உறங்கவும் துணைநிற்கவும். கடன் தவணைகளைச் சேர்ந்தமர்ந்து திட்டமிடவும். "நான் இருந்து என்ன பயன்?" என்பது போன்ற பேச்சை வெறும் விரக்தி என ஒதுக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் 14416 (டெலி மனாஸ்) அல்லது 104 எண்ணை அழைக்கவும். 24 மணி நேரமும் ஆலோசனை கிடைக்கும். உயிருக்கு ஆபத்தெனில் உடனே 108.