இருமுகப் பை

அமெரிக்காவும் கனடாவும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் பேரேரிகளின் கரைகளில் வாழ்பவர்கள் அனிஷினாபே மக்கள். ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவட்டமி முதலியோர் இப்பெயரில் அடங்குவர். இவர்களின் பெண்கள் மரநாரால் பின்னிய பைகள் டெட்ராய்ட் கலைக்கழகம் உள்ளிட்ட பல அருங்காட்சியகங்களில் உள்ளன. பொதுவாக அவை கண்ணாடிப் பேழைக்குள் சுவரோடு சாய்த்து வைக்கப்படுகின்றன. பார்ப்பவருக்கு ஒரு முகமே தெரியும். மறுமுகத்தைக் காணாதவர் அப்பையைக் கண்டவர் ஆகார் என்பேன்.

காரணம் பின்னலிலேயே இருக்கிறது. பாஸ்வுட் மரத்தில் சாறு ஏறும் கோடைத் தொடக்கத்தில் பட்டையை உரிப்பார்கள். அப்போதுதான் அது இழுத்த இழுப்புக்கு வரும். உட்பட்டையை நாட்கணக்கில் நீரில் ஊறப்போட்டால் ஏடு ஏடாகப் பிரியும். மெல்லிய இழை வேண்டுமானால் மரச்சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்து, கசக்கிப் பதமாக்கி, காலில் வைத்து உருட்டி முறுக்குவார்கள். (நம் கோணிப்பைக்கு நார் தரும் சணலும் இம்மரமும் தாவரவியலில் ஒரே குடும்பம், செம்பருத்தியும் அதே குடும்பந்தான்.) தறி கிடையாது. கிடையாகக் கட்டிய கோலிலோ கயிற்றிலோ பாவு இழைகளைத் தொங்கவிட்டு, இரண்டு ஊடை இழைகளைப் பாவின் முன்னும் பின்னுமாக விரலாலேயே முறுக்கி, சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டு போவார்கள். பக்கங்களில் தையல் விழாது. ஆகவே முன்துண்டு, பின்துண்டு என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரே பின்னல் வளைந்து இரு முகமாகிறது.

எல்லாம் சித்திரப் பைகள் அல்ல. சீடர் மரத்தின் உட்பட்டையைக் கீற்றாக்கி முடைந்த பைகள் மனூமின் என்ற ஏரி நெல்லைச் சேமிக்க உதவின. சாம்பல்நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தின் தோல் போகக் கழுவுவதற்கு இடைவெளி விட்டுப் பின்னிய நார்ப்பை இருந்தது. மின்னசோட்டாவில் பிறந்த பிரான்சிஸ் டென்ஸ்மோர் 1929இல் வெளியிட்ட நூலில் ஒஜிப்வே மக்களின் இத்தகைய வாழ்க்கை முறைகளை விரிவாகப் பதிந்துள்ளார்.

மூலிகைகளையும் சடங்குப் பொருள்களையும் வைத்த பைகளின் கதை வேறு. அவற்றுள் சிலவற்றில் ஒரு முகத்தில் இடிப்பறவைகள் நிற்கும். அவை வானுலகத்துக்கு உரியவை. மறுமுகத்தில் மிஷிபிஷு: கொம்பும் நீண்ட வாலும் கொண்டு, ஏரியின் அடியில் செம்பைக் காக்கும் நீர்ச்சிறுத்தை. இரண்டும் ஓயாத பகைவர்கள். சில பைகளில் இரு முகத்திலும் வெறும் வடிவக் கோலங்களே உண்டு. கனடியக் கலை வரலாற்றாளர் ரூத் பிலிப்ஸ் இச்சித்திரங்களை ஆழ்ந்து ஆராய்ந்தவர். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று: இரு பகைவர்களும் தம் ஆற்றலோடு எதிரெதிரே நிற்க, மருந்து அவர்களுக்கு நடுவே இருக்கிறது. சுவரில் சாய்த்த பையில் ஒரு பகைவன்தான் மிஞ்சுகிறான். பகையும் இல்லை, நடுவும் இல்லை.

சித்திரத்தின் கரும்பழுப்பு இழைக்கு முற்காலத்தில் காட்டெருமை மயிர் பயன்பட்டது. ஐரோப்பிய வணிகர் வந்தபின் கம்பளியைப் பிரித்தெடுத்த வண்ண நூல் அவ்விடத்துக்கு வந்தது. அதனால் பிந்திய பைகள் தரம் தாழ்ந்தவை என்று கருதும் சேகரிப்பாளர் மனப்பான்மை எனக்கு உடன்பாடன்று. கிடைத்த நூலைக் கொண்டு தன் இடிப்பறவையைச் சிவப்பாக்கியவள் தன் மரபை விட்டவள் அல்லள். அவள் பெயர்தான் நமக்குக் கிடைப்பதில்லை: பழைய பைகள் பலவற்றின் குறிப்பேட்டில் வாங்கியவர் பெயர் இருக்கும், பின்னியவர் பெயர் இராது.

2005இல் கனடாவில் உருவான பேரேரிகள் ஆய்வுக் கூட்டமைப்பு, பல நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கும் இப்பொருள்களின் படங்களையும் தகவல்களையும் ஓர் இணையத் தொகுப்பில் திரட்டுகிறது. அனிஷினாபே அறிஞர்களும் அதில் பங்கேற்பது நல்ல செய்தி. காட்சிக்கூடங்களும் தம் பங்கைச் செய்யலாம். பேழையைச் சுவரிலிருந்து நகர்த்திக் கூடத்தின் நடுவில் வைத்தால் போதும். அதற்கு இடமில்லையென்றால், மறுமுகத்தின் நிழற்படத்தையாவது பையின் அருகில் வைக்கட்டும்.