படுக்கையைச் சுற்றி நின்ற சட்டம்

தாமஸ் ரோலண்ட்சன் நாணல் பேனாவால் கோடிழுத்து, அதன்மேல் மெல்லிய நீர்வண்ணம் பூசி வரைந்தவர். 1814 முதல் 1816 வரை லண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மன் வெளியிட்ட அவருடைய 'ஆங்கிலேய மரண நடனம்' தொடரில், பழம்பொருள் ஆர்வலர் ஒருவரின் கடைசி உயிலுக்கென்றே ஒரு படம் உண்டு. சாவையும் சொத்தையும் ஒரே சட்டகத்தில் வைக்கும் இத்தகைய படங்களைப் பேராசைக்கு எதிரான நீதிபோதனை என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். சாகிறவரின் படுக்கையைச் சுற்றிக் கூட்டத்தைக் கூட்டியதில் மனித குணத்துக்கு இருந்த அளவு பங்கு இங்கிலாந்தின் சொத்துச் சட்டத்துக்கும் இருந்தது.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், குடும்ப ஒப்பந்தத்தால் கட்டுண்ட நிலம் நீங்கலாக, ஒரு ஆண் தன் சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம். பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு கிடையாது. எழுதிய உயிலையும் கடைசி மூச்சுவரை மாற்றலாம். ஆகவே வாரிசுகளின் எதிர்காலம் சாவுப் படுக்கை இருந்த அறையில்தான் முடிவானது. சாவைச் சுற்றிய மற்றச் சட்டங்களும் படங்களில் தெரிகின்றன. 1745இல் அச்சான, ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் 'நாகரிகத் திருமணம்' தொடரின் கடைசிப் படத்தில், நஞ்சருந்திச் சாகும் மகளின் விரலிலிருந்து தகப்பன் மோதிரத்தைக் கழற்றுகிறான். தற்கொலை செய்தவரின் அசையும் சொத்து அரசுக்குப் போய்விடும் என்பது அன்றைய சட்டம். அதை அறிந்து பார்த்தால், அந்தக் கையின் அவசரம் பேராசையோடு கணக்கையும் காட்டுகிறது.

சாவுப் படுக்கையும் அதைச் சுற்றிய கூட்டமும் ஐரோப்பாவுக்குப் பழைய கருப்பொருள்தானே, சட்டத்தை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். 15ஆம் நூற்றாண்டின் 'நற்சாவுக் கலை' நூல்களிலும் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் உண்டு. ஆனால் அங்கே சாகிறவனின் ஆன்மாவுக்காகத் தேவதூதரும் பேய்களும் போராடுகிறார்கள். ஹோகார்த் 1735இல் அச்சிட்ட 'ஊதாரியின் பாதை' முதல் படத்தில், கஞ்சத் தந்தை இறந்த வீட்டில் தையற்காரர் மகனுக்கு அளவெடுக்கிறார். துக்கத்துக்குக் கறுப்புத் துணியை ஆணியடித்து மாட்டும்போது கூரை விளிம்பிலிருந்து பொற்காசுகள் கொட்டுகின்றன. பின்னால் வக்கீல் காசைத் திருடுகிறார். பழைய மேடை அப்படியே இருக்கிறது, பாத்திரங்கள் மாறிவிட்டன. அந்த மாற்றத்துக்குத்தான் விளக்கம் தேவை.

நையாண்டி மிகைப்படுத்தும், அதைச் சான்றாகக் கொள்ளலாமா என்பது அடுத்த மறுப்பு. நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் நீதிமன்றமே இந்த ஓவியங்களுக்குச் சாட்சி சொல்கிறது. 1676இல் முடிந்த கோல் எதிர் மோர்டான்ட் வழக்கில், முதியவர் ஒருவர் வாய்மொழியாக உயில் சொன்னதாக ஒன்பது பேர் சத்தியம் செய்தார்கள். அது பொய்ச்சாட்சி என்று தெரியவந்தது. மறு ஆண்டே வந்த மோசடித் தடுப்புச் சட்டம், 30 பவுண்டுக்கு மேற்பட்ட வாய்மொழி உயிலுக்கு மூன்று சாட்சிகளைக் கட்டாயமாக்கியது. கடைசி நோயின்போது சொன்னதாகவும் இருக்க வேண்டும் என்றது. படுக்கையருகே நின்றவர்களை நாடாளுமன்றமே நம்பவில்லை. 1837இன் உயில் சட்டம் பொதுவாக எழுத்தையும், ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகளையும் கேட்டதற்குப் பின்னாலும் அதே சந்தேகம் இருந்தது.

ஓவியர் சிரித்ததும் சட்டம் அஞ்சியதும் ஒரே கூட்டத்தைப் பார்த்துத்தான். சட்டப் புத்தகம் தடைகளைப் பட்டியலிடுகிறது. எந்த நடத்தைக்கு அஞ்சி அந்தத் தடை வந்தது என்பதைப் படமே காட்டுகிறது. சொத்துரிமையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் படங்களை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கினால், ஆவணத்தில் பாதியை இழக்கிறார்கள்.