கழிமுகச் சேற்றுயிரிகளும் நீர்நலக் கணிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

கழிமுகத்தின் அடிச்சேற்றில் வாழும் புழுக்கள், சிப்பிகள், சிறு ஓடுடலிகள் ஆகியவற்றைக் கொண்டு நீரின் நலத்தைக் கணிக்கும் முறைக்கு மூலம் மாசு பற்றிய கவலை மட்டுமன்று. மீன்வளக் கணக்கும் ஆகும். டென்மார்க் அறிஞர் பீட்டர்சன், லிம்ஃபியோர்டில் தட்டைமீன்களுக்குக் கிடைக்கும் இரையின் அளவை அறிய முற்பட்டார். குறிப்பிட்ட பரப்பிலுள்ள சேற்றை அள்ளும் கருவியொன்றை வடிவமைத்து, 1911 முதல் தம் முடிவுகளை வெளியிட்டார். கண்ணுக்குப் புலப்படாத அடித்தள வாழ்வு எண்ணிக்கைக்குள் வந்தது இதனால்தான். நன்னீரிலோ கோல்க்விட்சும் மார்சனும் 1908–09இலேயே உயிரிகளை மாசுச் சான்றுகளாக வகைப்படுத்தியிருந்தனர்.

இவ்விரு மரபுகளையும் கடற்சூழலில் இணைத்த நூலாக்கம் பியர்சன், ரோசன்பெர்க் இருவரின் 1978ஆம் ஆண்டுக் கட்டுரை. ஸ்காட்லாந்து, சுவீடன் நாடுகளின் காகிதக்கூழ் ஆலைக் கழிவு சேர்ந்த நீர்நிலைகள் அதற்கு முதன்மைச் சான்றுகளாயின. கரிமக்கழிவு மிகும்போது அது அழுகி ஆக்சிஜனைக் குறைக்கிறது. சேற்றில் சல்பைடு பெருகுகிறது. ஆழத் துளைத்து நெடுநாள் வாழும் பேருயிரிகள் மறைய, விரைந்து பெருகும் சிறு புழுக்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன. அவற்றுள் கேப்பிட்டெல்லா கேப்பிடேட்டா மாசின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. அது ஓர் இனமன்று, உருவொத்த பல இனங்களின் தொகுதி என்பதை கிராசில் இணையர் 1976இலேயே காட்டியிருந்தும், பட்டியல்களில் அது ஒரே பெயராக நீடித்தது வியப்புக்குரியது.

2000இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த போர்ஹா முதலியோர், உயிரிகளை மாசு தாங்கும் திறன்படி ஐந்து குழுக்களாக்கி, சேற்றின் நிலையைச் சுழியம் முதல் ஆறு வரையிலான எண்ணாகச் சுருக்கினர். அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீர்ச் சட்டகக் கட்டளையும் பிறந்ததால் இக்குறியீடு விரைந்து பரவியது.

சிக்கலும் இங்கேதான் எழுந்தது. உவர்ப்பு மாறும் நீரில் இனங்கள் இயல்பாகவே குறையும் என்பதை ரெமானே 1934இல் பால்டிக் கடலை முன்வைத்து விளக்கியிருந்தார். சில இனங்களே, அவையும் தாங்குதிறன் மிக்கவையே வாழ்வது மாசுற்ற இடத்தின் அடையாளம். மாசற்ற கழிமுகத்தின் இயல்பும் அதுவே. எலியட், கின்டினோ இருவரும் 2007இல் இதனைக் கழிமுகத் தர முரண் எனச் சுட்டினர். இதனால் தூய கழிமுகம் கெட்டதாகத் தீர்ப்பிடப்படலாம். அதனினும் தீங்கானது, ஆலைக்கழிவின் விளைவு இயற்கையின் இயல்பாகக் கருதப்பட்டு மன்னிக்கப்படுவது.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்குமிடம் இம்முரணைத் தெளிவாகக் காட்டும். வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில் உவர்ப்பு பெரிதும் சரிந்து, கோடையில் கடல்நீரை நெருங்கும். கார்த்திகையில் அள்ளிய சேற்றை வைகாசிச் சேற்றோடு ஒப்பிட்டு மாசைக் கணிப்பது பொருந்தாது. ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனி ஒப்பீட்டு நிலை வேண்டும்.