கைச்சீட்டும் கடைசி இருக்கையும்: ரம்மி, போக்கர் வழக்குகளின் வரலாறு

சீட்டாட்டத்தில் கைக்கு வந்த சீட்டுகளைப் பார்த்து, ஆடுவதா போட்டுவிடுவதா என்று முடிவெடுப்பதே ஆட்டக்காரரின் முதல் வேலை. இந்த முடிவு சீட்டின் தரத்தை மட்டும் பொறுத்தது அன்று. அவருக்கு முன் எத்தனை பேர் தங்கள் முடிவைச் சொல்லிவிட்டார்கள், பின்னால் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. போக்கர் ஆட்டத்தில் இது ஒரு தனிப் பாடமாகவே வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டு ரம்மியில் இதே முடிவை ‘டிராப்’ என்றும் ‘ஸ்கூட்’ என்றும் சொல்வார்கள். சீட்டாட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் வாதத்தின் அடியில் இருப்பதும் இந்த முடிவுதான்.

மழைக்காலத் திண்ணை

மரக்காணம் உப்பளங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பாத்திகளில் மழைநீர் நின்றுவிடும். உப்பு வேலை நடக்காது. கரையோரமாகத் தெற்கே இடையஞ்சாவடி வரையிலும் வேலையற்ற மழைநாள் என்றால் எங்காவது ஒரு திண்ணையில் சீட்டுக்கட்டு பிரிக்கப்படும். அங்கே ஆடப்படும் ஆட்டங்களை வரிசையாகப் பார்த்தாலே இந்தக் கட்டுரையின் பொருள் விளங்கிவிடும்.

மங்காத்தாவில் ஒரு சீட்டைக் குறித்துக்கொண்டு, கட்டிலிருந்து உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று போட்டுக்கொண்டே வருவார்கள். குறித்த சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பணம் கட்டியவருக்கு வெற்றி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மூன்று சீட்டில் கொஞ்சம் யோசனை உண்டு. கையைப் போட்டுவிடலாம், அல்லது பந்தயத்தை ஏற்றி எதிராளியைப் பயமுறுத்தலாம். ஆனால் வந்த மூன்று சீட்டுகளை மாற்ற முடியாது.

ரம்மி வேறு வகை. பதின்மூன்று சீட்டுகள் கைக்கு வரும். ஒன்றை எடுத்து ஒன்றைக் கழித்து, ஜோக்கர் சேராத ஒரு சீக்வென்ஸாவது அமையும்படி கையைக் கட்ட வேண்டும். கை மோசம் என்று தெரிந்தால், தன் முறை வந்ததும் சீட்டு எடுக்காமலே டிராப் செய்யலாம். பொதுவாக வழங்கும் கணக்கில் முதல் டிராப்புக்கு 20 புள்ளி, நடுவில் விட்டால் 40, கடைசிவரை இருந்து தோற்றால் அதிகபட்சம் 80. அதாவது நான்கு முறை தொடக்கத்திலேயே விலகுவதும், ஒரு முறை பிடிவாதமாக இருந்து முழுக்கையோடு மாட்டிக்கொள்வதும் ஒரே செலவு.

ஆறு பேர் ஆடும் வட்டத்தில் முதலில் ஆடுபவர் இந்த முடிவைக் கண்ணைக் கட்டிக்கொண்டதுபோல் எடுக்கிறார். ஆறாவது ஆளுக்கு அப்படியில்லை. மூன்று பேர் ஏற்கெனவே டிராப் செய்துவிட்டார்கள் என்றால் எதிரே மிச்சம் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் எதை எடுத்தார்கள், எதைக் கழித்தார்கள் என்பதையும் அவர் பார்த்திருப்பார். முதல் இருக்கையில் போட்டுவிட வேண்டிய நடுத்தரக் கையைக் கடைசி இருக்கையில் ஆடிப் பார்க்கலாம் என்பதைத் திண்ணை ஆட்டக்காரர்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் அறிந்திருந்தார்கள்.

போக்கரில் இடத்தின் மதிப்பு

போக்கர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் உருவெடுத்தது. முதலில் 20 சீட்டுகளைக் கொண்டு ஆடினார்கள். 52 சீட்டுக் கட்டு பின்னால் வந்தது. இன்று உலகெங்கும் பரவியுள்ள வகை டெக்சாஸ் ஹோல்டெம். அதன் பிறப்பிடம் ராப்ஸ்டவுன் என்ற சிற்றூர் என்று டெக்சாஸ் சட்டமன்றம் 2007இல் தீர்மானமே போட்டது. 1970இல் லாஸ் வேகஸில் போக்கர் உலகத் தொடர் தொடங்கிய பிறகு இந்த வகை முன்னுக்கு வந்தது.

ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மூடியபடி கொடுக்கப்படும். பொதுச் சீட்டுகள் ஐந்து படிப்படியாகத் திறக்கப்படும். சீட்டுப் போடுபவரின் இடத்தைக் குறிக்கும் வில்லைக்குப் ‘பட்டன்’ என்று பெயர். அதற்கு இடப்பக்கம் உள்ள இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் கட்ட வேண்டும். இதற்குப் ‘பிளைண்ட்’ என்று பெயர். மற்றவர்கள் வரிசையாகப் பேசிவந்து பட்டனை அடையும்போது, அவருக்குப் பின் பேச இந்த இருவர் மட்டுமே மிச்சம். பொதுச் சீட்டுகள் திறந்த பிறகு நடக்கும் சுற்றுகளில் பட்டன்காரரே கடைசியாகப் பேசுவார்.

இரண்டு சீட்டுகள் 1,326 விதமாக வரலாம். எந்த இனம் என்ற வேறுபாட்டை நீக்கி, ஒரே இனமா வெவ்வேறு இனமா என்பதை மட்டும் கொண்டால் 169 வகை. ஒருவருக்கு ஜோடி வருவது 17இல் ஒரு முறை. இதை வைத்து எளிய கணக்கு ஒன்று போடலாம். ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசுபவருக்குப் பின் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது ஜோடி இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 38 விழுக்காடு. எல்லோரும் போட்டுவிட்டுப் பட்டன்காரர் முறை வந்தால், எதிரே உள்ள இருவரில் ஒருவரிடமாவது ஜோடி இருக்கும் வாய்ப்பு சுமார் 11 விழுக்காடுதான். கை மாறவில்லை; இடம்தான் மாறியிருக்கிறது.

வெவ்வேறு இனத்தில் ஆஸும் ஐந்தும் வந்தால், முதல் இருக்கையில் அனுபவசாலி அதைப் போட்டுவிடுவார். பின்னால் உள்ள எட்டுப் பேரில் யாரிடமாவது பெரிய துணையோடு இன்னொரு ஆஸ் இருந்தால் இது பணத்தை இழுத்துக்கொண்டு போகும் கை. அதே கையைப் பட்டனில், முன்னால் யாரும் நுழையாத நிலையில், பந்தயத்தை உயர்த்தி ஆடுவார். புதியவர்கள் தவறுவது இந்த நிபந்தனையில்தான். கடைசி இருக்கை என்றால் எதையும் ஆடலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். முன்னால் ஒருவர் ஏற்கெனவே உயர்த்தியிருந்தால், அவர் நல்ல கையோடு வந்திருக்கிறார் என்பது செய்தி. அப்போது பட்டனிலும் அந்த ஆஸ்-ஐந்து போட வேண்டிய கைதான்.

அனுபவமாக இருந்ததை டேவிட் ஸ்கிளான்ஸ்கி 1970களில் தொடக்கக் கைகளைத் தரவாரியாகப் பிரித்துப் பாடமாக்கினார். இடத்தின் மதிப்பை எண்ணால் காட்டியது கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம். பந்தய அளவு வரையறுக்கப்பட்ட இருவர் ஆட்டத்தை அங்குள்ள ஆய்வாளர்கள் 2015இல் கணினி கொண்டு தீர்த்தார்கள். இரு பக்கமும் பிழையின்றி ஆடினாலும், பட்டன் இடத்தில் இருப்பவர் ஒரு கைக்குச் சராசரியாகப் பெரிய பிளைண்டில் ஏறத்தாழ 9 விழுக்காடு லாபம் அடைவார் என்பது முடிவு. பட்டன் சுற்றிக்கொண்டே வருவதால் இந்த லாபம் யாருக்கும் நிலையானது அன்று.

நீதிமன்றத்தில் சீட்டுக்கட்டு

1930ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. அதற்கு முன் 1867இல் வந்த பொதுச் சூதாட்டச் சட்டத்திலும் அந்த விலக்கு உண்டு. ஆனால் திறமை என்றால் எவ்வளவு திறமை? 1957இல் பரிசுப் போட்டிகள் பற்றிய சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், பெருமளவு திறமை இருந்தால் போதும் என்று பொருள் கொண்டது.

ரம்மியின் முறை 1967இல் வந்தது. செகந்திராபாத் கிரசென்ட் பொழுதுபோக்கு மன்றம் சம்பந்தப்பட்ட சத்தியநாராயணா வழக்கில், கலைத்துப் போடும் எந்தச் சீட்டாட்டத்திலும் அதிர்ஷ்டம் உண்டு, பிரிட்ஜிலும் உண்டு, அதனால் மட்டும் அது சூதாட்டம் ஆகிவிடாது என்றது உச்ச நீதிமன்றம். விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்து எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதும் திறமை என்று கூறி, ரம்மியை மூன்று சீட்டிலிருந்து பிரித்துக் காட்டியது. 1996இல் லட்சுமணன் வழக்கில் சென்னைக் குதிரைப் பந்தயமும் திறமையின் பக்கம் சேர்க்கப்பட்டது.

போக்கருக்கு இந்தியாவில் ஒரே விடை கிடைக்கவில்லை. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்ஜ், ரம்மியோடு போக்கரையும் சூதாட்டத்திலிருந்து விலக்கியது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் போக்கர் சூதாட்டமே என்றது. எந்தக் கையை எந்த இடத்தில் ஆடுவது என்ற பாடத்தை ஒருமுறை புரிந்துகொண்டவருக்கு, போக்கரை மங்காத்தாவோடு சேர்ப்பது ஒப்புக்கொள்ள முடியாததாகவே இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் எழுந்த கேள்வி அதுவன்று.

கைப்பேசிக்குள் வந்த மேசை

கொரோனா ஊரடங்கில் இணைய ரம்மி வீடுகளுக்குள் புகுந்தது. கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களைப் பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது; 2021இல் அது திருத்தச் சட்டமானது. அந்தத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டு 3 அன்று செல்லாது என்றது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அக்டோபரில் சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று எழுதப்பட்டிருந்தன. 2023 நவம்பர் 9 தீர்ப்பு சட்டத்தை ஏற்றுக்கொண்டு, இந்த இரண்டு பெயர்கள் இருந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. நேரம், வயது போன்றவற்றை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்றது.

இரு தரப்பும் பேசியது வெவ்வேறு பொருள் என்பது என் கருத்து. நிறுவனங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசின. அரசு ஆட்டக்காரரைப் பற்றிப் பேசியது. திண்ணையில் கையை டிராப் செய்தவர் அடுத்த கை வரும்வரை சும்மா இருந்தாக வேண்டும். விளக்கு அணைந்தால் ஆட்டம் முடிந்தது. கைப்பேசியில் ஒரு கையைப் போட்ட நொடியில் அடுத்த மேசை திறந்திருக்கிறது. மேலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. சமமான திறமை உடைய ஆறு பேர் ஒரு மாதம் விடாமல் ஆடினால் ஆறு பேரின் பணமும் சேர்ந்து குறையும். ஒரு கையை எப்போது போட வேண்டும் என்பதில் தேர்ந்தவர், மேசையை விட்டு எப்போது எழ வேண்டும் என்பதில் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டு இணைய விளையாட்டு ஆணையம் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை பண ஆட்டத்தைத் தடுக்கும் விதியைக் கொண்டுவந்தது. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவும் கூடாது என்று கூறிவிட்டது. 1957இலிருந்து வளர்ந்த வேறுபாடு இணையத்தைப் பொறுத்தவரை இந்தச் சட்டத்தில் கணக்கில் இல்லை. நேரில் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கு 1930ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் திறமை விலக்கும் அப்படியே இருக்கின்றன.